தற்காப்புக் கலைகளில் தனியாள் பயிற்சியும் மனக்காட்சியும்

தற்காப்புக் கலைகளில் தனியாள் பயிற்சி என்பது, எதிராளி இல்லாமல் ஒருவர் தானே அடி, தடுப்பு, காலடி, திருப்பம் ஆகியவற்றை வரிசைப்படி செய்து பழகுவதாகும். கராத்தேயின் கட்டா, சிலம்பத்தின் காலடி வரிசைகள், களரிப்பயிற்றின் மெய்ப்பயிற்று, குத்துச்சண்டை வீரர்கள் காற்றில் குத்திப் பழகும் நிழல் குத்து, ஜப்பானிய வாள் கலையான இயாய்தோ எனப் பல வடிவங்களில் இது காணப்படுகிறது. மனக்காட்சி என்பது எதிராளியையும் அவருடைய தாக்குதலையும் அதற்குத் தன் உடல் தரும் பதிலையும் மனத்தில் கண்டு உணரும் பயிற்சி. இதை அசைந்துகொண்டே செய்யலாம். அசையாமல் உட்கார்ந்தும் செய்யலாம்.

வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தனியாள் பயிற்சி உடற்பயிற்சியைப் போலவோ நடனத்தைப் போலவோ தோன்றும். எதிராளியை மனத்தில் நிறுத்தாமல் செய்தால் அது உண்மையிலேயே அப்படி ஆகிவிடும். அசைவு அதேதான், ஆனால் அதற்குள் ஒரு எதிராளி இருக்கிறாரா இல்லையா என்பதைப் பொறுத்து அதன் பயன் மாறுகிறது. இதைத் தெளிவாகப் பார்க்க உதவுவது கராத்தேயின் கட்டா. அதன் வரலாற்றில் எதிராளி ஒரு கட்டத்தில் மறைந்து, பிறகு தேடி மீட்கப்பட்டார்.

ஒக்கினாவாவில் கட்டா

கட்டா என்ற ஜப்பானியச் சொல்லுக்கு 'வடிவம்' என்று பொருள். கராத்தே பிறந்து வளர்ந்த ஒக்கினாவா, 1879இல் ஜப்பானோடு இணைக்கப்படும் முன் ரியூக்கியு அரசின் பகுதியாக இருந்தது. அங்கே ஆசிரியர்கள் தமக்குத் தெரிந்த அடிகளையும் பிடிகளையும் எழுதி வைத்ததைவிடக் கட்டாக்களுக்குள் கோத்து வைத்ததே அதிகம். ஒரு கட்டாவைக் கற்றவர் ஒரு நூலை மனப்பாடம் செய்தவருக்குச் சமம். ஆனால் அந்த நூலின் பொருள் தனியே விளக்கப்பட வேண்டியிருந்தது.

கராத்தேயை ஒக்கினாவாவிலிருந்து ஜப்பானின் பெருநிலத்துக்குக் கொண்டு சென்றவர்களுள் முதன்மையானவர் கிச்சின் ஃபுனகோஷி (1868–1957). பகலில் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்த அவர், இரவில் இருட்டில் நடந்து தம் ஆசான் அன்கோ அசாட்டோவின் வீட்டுக்குப் போய்ப் பயின்றார். வீட்டு முற்றத்தில் ஒரே கட்டாவை மாதக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்ததையும், ஆசான் நிறைவடையும் வரை அடுத்த கட்டாவுக்குப் போக அனுமதிக்காததையும் தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். இன்று டெக்கி எனப்படும் மூன்று கட்டாக்களைக் கற்க மட்டும் அவருக்குப் பத்து ஆண்டுகள் ஆயின. ஒரு கட்டாவுக்கு மூன்று ஆண்டு என்பது அக்காலக் கணக்கு.

இருபது, முப்பது அசைவுகளை ஒரு வாரத்தில் நினைவில் வைத்துவிடலாம். பிறகு எதற்கு மூன்று ஆண்டு? இதற்கான விடையின் ஒரு பகுதி, ஃபுனகோஷியின் இன்னொரு ஆசானான அன்கோ இட்டோசு (1831–1915) எழுதிய கடிதம் ஒன்றில் இருக்கிறது. கராத்தேயைப் பள்ளிகளில் பரப்புவதற்காக 1908இல் அவர் எழுதிய அக்கடிதத்தில் பத்துக் குறிப்புகள் உள்ளன. அவற்றுள் ஒன்று இப்படிச் சொல்கிறது: பயிலும்போது போர்க்களத்தில் நிற்பவரைப் போன்ற மனநிலை வேண்டும், கண்ணில் அந்தக் கூர்மை தெரிய வேண்டும், தடுக்கும்போது உண்மையான எதிரியின் அடியைத் தடுப்பதாகவும், குத்தும்போது உண்மையான எதிரியைக் குத்துவதாகவும் உணர்ந்து செய்ய வேண்டும், அப்படிப் பழகினால் அந்தத் திறம் தேவைப்படும் இடத்தில் தானாக வெளிப்படும். மனக்காட்சி என்ற சொல் விளையாட்டு உளவியலுக்குள் வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே, அதன் சாரம் ஒரு பள்ளிப் பாடத்திட்டக் கடிதத்தில் எழுதப்பட்டுவிட்டது.

ஐந்து அசைவுகளுக்குள் இருக்கும் எதிராளி

ஷோட்டோகான் பிரிவில் புதியவர்கள் தொடக்கத்திலேயே கற்கும் கட்டா ஹெயான் ஷோடான். இதில் 21 அசைவுகள் உண்டு; செய்து முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. தமிழ்நாட்டில் மாலை நேரங்களில் பள்ளி மைதானத்திலோ மாநகராட்சிப் பூங்காவிலோ வெள்ளைச் சீருடையில் வரிசையாக நிற்கும் சிறுவர்கள் செய்வது பெரும்பாலும் இதுவாகவோ இதன் உறவுக் கட்டாவாகவோ இருக்கும்.

முதல் அசைவில் பயிற்சியாளர் இடப்புறம் திரும்பி, இடக் காலை முன்வைத்து, இடக் கையால் கீழ்நோக்கித் தடுக்கிறார். இரண்டாவதில் வலக் காலை முன்வைத்து வலக் கையால் குத்துகிறார். மூன்றாவதில் வலக் காலைப் பின்னால் எடுத்து, வந்த திசைக்கு நேர் எதிராகத் திரும்பி, வலக் கையால் கீழே தடுக்கிறார். நான்காவதில் முன்காலைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து, வலக் கையை வட்டமாகச் சுழற்றி, முட்டியின் அடிப்பகுதியால் சுத்தியல் இறங்குவது போல் அடிக்கிறார். ஐந்தாவதில் இடக் காலை முன்வைத்து இடக் கையால் குத்துகிறார்.

எதிராளி இல்லாமல் இதைச் செய்யும் மாணவரிடம் சில அடையாளங்கள் தெரியும். திரும்பும்போது தலையும் உடலும் ஒன்றாகத் திரும்பும். சில சமயம் உடல் திரும்பிய பிறகே கண் அந்தத் திசைக்கு வரும். தடுப்புக்கும் குத்துக்கும் இடையே கடிகாரம் போல ஒரே சீரான இடைவெளி இருக்கும். நான்காவது அசைவு அவருக்குப் புதிராகவே இருக்கும். மற்ற இடங்களிலெல்லாம் முன்னே போகும் கால், இங்கே மட்டும் ஏன் பின்னுக்கு வருகிறது?

பொதுவாகச் சொல்லப்படும் விளக்கத்தின்படி, மூன்றாவது அசைவில் தடுத்த கையின் மணிக்கட்டை எதிராளி பற்றிக்கொள்கிறார். காலைப் பின்னுக்கு எடுத்து உடல் எடையால் இழுத்தால்தான் அந்தப் பிடி தளரும். விடுபட்ட கை அதே வேகத்தில் மேலே சுழன்று எதிராளியின் மேல் இறங்குகிறது. இதை அறிந்து, தன் மணிக்கட்டில் ஓர் அந்நியக் கையின் இறுக்கத்தை மனத்தில் உணர்ந்து செய்பவருக்கு அந்த அசைவு மாறிவிடும். இழுப்பு இடுப்பிலிருந்து வரும். பிடி விடுபடும் கணத்தில் ஒரு துடிப்பு தெரியும். அடுத்து வரும் குத்து, பின்வாங்கும் எதிராளியைத் துரத்திச் செல்லும். கண் உடலுக்கு முன்பே திரும்பிவிடும். ஏனென்றால் அடிக்க வருபவரைப் பார்க்காமல் தடுக்க யாரும் திரும்புவதில்லை.

குத்தாத கையை இடுப்புக்கு இழுத்து வைக்கும் வழக்கமும் இப்படித்தான். வெறும் காற்றில் அது ஓர் அலங்காரம். எதிராளியின் கையையோ உடையையோ பற்றித் தன் பக்கம் இழுப்பதாக மனத்தில் கொண்டால், அந்தக் கைக்கு எடையும் வேலையும் கிடைக்கின்றன. கட்டாவின் அசைவுகளுக்கு இவ்வாறு பொருள் காண்பதை ஜப்பானிய மொழியில் புன்காய் என்பர். ஒரே அசைவுக்குப் பல புன்காய்கள் இருக்கலாம். பக்கவாட்டில் மட்டுமே நகரும் டெக்கியை, முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கும் சூழலுக்கானது என்று சிலரும், அருகில் நின்று பிடித்துக்கொண்டு அடிக்கும் முறைக்கானது என்று வேறு சிலரும் விளக்குவர். எது மூல விளக்கம் என்ற வாதத்தைவிட, பயில்பவர் ஏதேனும் ஒரு விளக்கத்தை முழுமையாக மனத்தில் கொண்டிருக்கிறாரா என்பதே பயிற்சிக்கு முக்கியம்.

பள்ளிக்கூடத்தில் மறைந்த எதிராளி

1901இல் இட்டோசுவின் முயற்சியால் ஒக்கினாவாவின் பள்ளியில் கராத்தே உடற்கல்வியாக நுழைந்தது. மாணவர்களுக்கு ஏற்ற வகையில் பின்னான் என்ற ஐந்து கட்டாக்களை அவர் அமைத்தார். ஃபுனகோஷி பின்னர் ஹெயான் என்று பெயர் மாற்றியவை இவையே. ஒற்றை மாணவர் முற்றத்தில் ஆசான் முன் பயின்ற கலை, இப்போது பெரிய வகுப்புகளுக்கு எண்ணிக்கை சொல்லிக் கற்பிக்கப்பட்டது. 'இச், நி, சன்' என்று ஆசிரியர் எண்ண, எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே அசைவைச் செய்தனர்.

இதனால் கராத்தே அழியாமல் பரவியது என்பதில் ஐயமில்லை. 1922இல் ஃபுனகோஷி டோக்கியோவில் செய்து காட்டிய பிறகு பல்கலைக்கழகங்களிலும் அது வேரூன்றியது. ஆனால் விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. சிறுவர்களுக்குக் கழுத்தை முறிக்கும் பிடியையோ கண்ணைத் தாக்கும் முறையையோ சொல்லிக்கொடுக்க முடியாது. விளக்கம் குறைந்தது, வடிவம் மட்டும் நின்றது. இட்டோசு தம் கடிதத்தில் எதிரியை உணர்ந்து பயிலுங்கள் என்று எழுத வேண்டியிருந்ததே, அந்த உணர்வு மறையக்கூடும் என்று அவர் அறிந்திருந்தார் என்பதைக் காட்டுகிறது எனலாம்.

பிற்காலத்தில் கட்டா தனிப் போட்டிப் பிரிவாகியது. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் கட்டா இடம்பெற்றபோது, ஆண்கள் பிரிவில் ரியோ கியூனா தங்கம் வென்றார். ஒக்கினாவாவைச் சேர்ந்த ஒருவர் வென்ற முதல் ஒலிம்பிக் தங்கம் அது. பெண்கள் பிரிவில் ஸ்பெயினின் சாண்ட்ரா சான்செஸ் வென்றார். இத்தகைய வீரர்களின் கட்டாவில் எதிராளி நிற்கும் இடத்தைப் பார்வையாளர்கூடச் சுட்டிக்காட்டிவிடலாம். அவ்வளவு தெளிவாக அவர்கள் கண் அங்கே பதிந்திருக்கும். அதே சமயம், நடுவருக்காக நீட்டி நிறுத்தப்படும் இடைவெளிகளும் உயரத் தூக்கப்படும் உதைகளும் எதிராளியை மறந்த அழகுகளே என்ற குறை கராத்தேகாரர்களிடையே உண்டு. உலகக் கராத்தே கூட்டமைப்பின் அணிப் பிரிவுப் பதக்கச் சுற்றுகளில் கட்டாவை முடித்ததும் அதன் புன்காயையும் செய்து காட்டும் விதி இடம்பெற்றது இதற்கு ஒரு பதில்.

ஆய்வுகள் சொல்வது

மனத்தில் மட்டும் செய்யும் பயிற்சி உடலை மாற்றுமா என்ற கேள்விக்கு ஆய்வகங்களில் விடை தேடப்பட்டுள்ளது. 1992இல் குவாங் யூ, கெல்லி கோல் ஆகிய இருவரும் சுண்டுவிரலை விலக்கும் தசையை வைத்து ஒரு சோதனை நடத்தினர். ஒரு குழு தசையை உண்மையில் இறுக்கிப் பயின்றது. இன்னொரு குழு இறுக்குவதாக நினைத்து மட்டும் பயின்றது. முதல் குழுவின் விசை சராசரியாக 30 விழுக்காடும், நினைத்து மட்டும் பயின்ற குழுவின் விசை 22 விழுக்காடும் உயர்ந்தன. தசை வளராமலேயே வலிமை கூடியதற்கு, தசைக்குக் கட்டளை அனுப்பும் நரம்பு மண்டலத்தின் மாற்றமே காரணமாகக் கருதப்பட்டது. இது ஒரு சிறு தசை பற்றிய முடிவு. படுத்தபடியே நினைத்து வலுவான உதையைப் பெற்றுவிடலாம் என்று இதிலிருந்து முடிவு கட்டக் கூடாது.

கராத்தேயையே எடுத்துக்கொண்ட ஆய்வுகளும் உண்டு. 1981இல் ராபர்ட் வைன்பர்க் குழுவினர் 32 கராத்தே பயிற்சியாளர்களை நான்கு குழுக்களாகப் பிரித்தனர். ஒரு குழு உடலைத் தளர்த்தும் பயிற்சி மட்டும் செய்தது. ஒரு குழு மனக்காட்சி மட்டும் செய்தது. ஒரு குழு முதலில் உடலைத் தளர்த்தி, பிறகு மனக்காட்சியில் ஈடுபட்டது. நான்காவது, ஒப்பீட்டுக்கான குழு. அவர்கள் ஆறு வாரம் நாள்தோறும் வீட்டிலேயே இதைச் செய்தனர். தனி அடிகளிலும் அடித்தொடர்களிலும் குழுக்களிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. எதிராளியோடு மோதும் குமித்தேயில் மட்டும், தளர்வையும் மனக்காட்சியையும் சேர்த்துச் செய்த குழு மற்ற மூன்றையும் முந்தியது. போட்டி நேரப் பதற்றமும் அக்குழுவில் குறைவாக இருந்தது. மனக்காட்சி மட்டும் செய்த குழுவுக்கு அந்தப் பயன் கிடைக்கவில்லை. பரபரப்பான மனத்தில் ஓடும் காட்சிகள் பயிற்சியாவதில்லை என்பதை இம்முடிவு உணர்த்துகிறது. வகுப்பின் தொடக்கத்தில் கண்மூடி அமரும் ஒரு நிமிடத்தை வெறும் சடங்கு என்று தள்ளிவிட வேண்டியதில்லை.

எந்தக் கோணத்திலிருந்து காண்பது என்பது அடுத்த கேள்வி. ஒருவர் தன் கண்ணால் பார்ப்பது போல எதிராளியைக் காணலாம். அல்லது வெளியே நின்று பார்ப்பவரைப் போலத் தன்னையே காணலாம். லூ ஹார்டி, நிக்கோலா கேலோ ஆகியோர் 1999இல் வெளியிட்ட ஆய்வில், அனுபவமுள்ள கராத்தேகாரர்கள் ஒரு புதிய கட்டாவைக் கற்றபோது, வெளிக்கோணத்தில் தம்மைக் கண்டவர்கள் உட்கோணத்தில் கண்டவர்களைவிட நன்றாகச் செய்தனர். வடிவம் முக்கியமாக உள்ள செயல்களில் முழங்கை எங்கே நிற்கிறது, இடுப்பு எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை வெளியிலிருந்து காண்பதே உதவும் என்பது இதன் விளக்கம்.

இம்முடிவு இட்டோசுவின் அறிவுரைக்கு முரண்போலத் தெரியலாம். எதிரியைக் காணச் சொன்னார் அவர்; தன்னையே காணச் சொல்கிறது ஆய்வு. ஆனால் ஆய்வில் அளக்கப்பட்டது புதிய கட்டாவின் வடிவம். வடிவத்தைக் கற்கும் கட்டத்தில் ஒரு கோணமும், கற்ற வடிவத்துக்குள் சண்டையைத் தேடும் கட்டத்தில் இன்னொரு கோணமும் வேண்டியிருக்கும் என்று கொள்வதே பொருத்தம். பல மாணவர்கள் முதல் கோணத்திலேயே தங்கிவிடுவதுதான் சிக்கல். கண்ணாடியும் கைபேசிக் காணொளியும் அதற்கே உதவுகின்றன.

காட்சியின் உள்ளடக்கமும் முக்கியம். 1985இல் ராபர்ட் வுல்ஃபோக் குழுவினர் கோல்ஃப் பந்தைக் குழியில் தள்ளும் செயலை ஆராய்ந்தபோது, பந்து குழியைத் தவறவிடுவதாகக் கற்பனை செய்தவர்களின் ஆட்டம் மோசமானது. அடி வாங்குவதையே மீண்டும் மீண்டும் நினைத்துக்கொண்டிருப்பதும் ஒரு மனக்காட்சிதான். அதுவும் வேலை செய்யும், எதிர்த்திசையில்.

முழுவதும் மனத்தில் நடக்கும் வாள் சண்டை

கராத்தேயிலாவது இருவர் மோதிப் பார்க்கலாம். கூரிய வாளை உறையிலிருந்து உருவும் அதே வீச்சில் வெட்டும் இயாய்தோவில் அது இயலாது. அதனால் அக்கலை ஏறத்தாழ முழுவதும் தனியாள் பயிற்சியாகவே நடக்கிறது. எதிரில் இருப்பதாகக் கொள்ளப்படும் ஆளுக்கு 'கற்பனை எதிரி' என்ற பொருளில் கசோத்தெக்கி என்றே பெயர் இருக்கிறது.

அனைத்து ஜப்பான் கெண்டோ கூட்டமைப்பு வகுத்த 12 இயாய் வடிவங்கள் ஒவ்வொன்றுக்கும், எதிராளி எங்கே இருக்கிறார், என்ன செய்ய முனைகிறார் என்ற சூழல் எழுத்தில் தரப்பட்டுள்ளது. முதல் வடிவத்தில் இருவரும் எதிரெதிரே மண்டியிட்டு அமர்ந்திருக்கிறார்கள். எதிரே இருப்பவரிடம் கொல்லும் எண்ணம் எழுவதை உணர்ந்து, பயில்பவர் வாளை உருவி அவருடைய நெற்றிப்பொட்டில் கிடைமட்டமாக வெட்டுகிறார். பிறகு வாளைத் தலைக்கு மேல் உயர்த்தி நேராக வெட்டி இறக்குகிறார். முதல் வெட்டு எந்த உயரத்தில் போக வேண்டும் என்பதை அங்கே இல்லாத ஒருவரின் நெற்றிப்பொட்டு தீர்மானிக்கிறது. வாள் ஒரு சாண் தாழ்ந்தால் வெட்டு தோளில் பட்டிருக்கும். ஒரு சாண் உயர்ந்தால் தலைக்கு மேல் போயிருக்கும். தேர்வாளர் அந்தக் கோட்டைப் பார்த்தே மாணவரின் மனத்தில் எதிராளி இருந்தாரா என்று கணிக்க முடியும்.

வெட்டி முடித்த பிறகும் பார்வையை விலக்காமல், விழுந்தவர் எழக்கூடும் என்ற விழிப்போடு இருப்பதை ஜான்ஷின் என்பர். கராத்தேயிலும் இச்சொல் உண்டு. கடைசி அசைவு முடிந்ததும் மூச்சை விட்டுத் தோளைத் தொங்கவிடும் மாணவருக்குப் பெரும்பாலும் முதல் அசைவிலும் எதிராளி இருந்திருக்க மாட்டார்.

எதைத் தராது

தனியாள் பயிற்சியால் கிடைக்காதவை பல. கற்பனை எதிராளி எப்போதும் சரியான நேரத்தில், சரியான தொலைவில், எதிர்பார்த்த அடியோடுதான் வருவார். உண்மையான ஆள் அப்படி வரமாட்டார். அவர் பாதியில் நிறுத்துவார், தள்ளுவார், வியர்வையில் வழுக்குவார். தொலைவைக் கணிப்பதையும், எது வருமென்று தெரியாத நிலையில் முடிவெடுப்பதையும், அடி பட்ட பிறகும் நிலைகுலையாமல் இருப்பதையும் இன்னொரு உடல் இல்லாமல் கற்க முடியாது. கட்டாவைப் பிழையின்றிச் செய்ய வேண்டும். ஆனால் மெய்யான சண்டை வேறு என்பதை ஃபுனகோஷியே தம் இருபது நெறிகளுள் ஒன்றாக வைத்தார். அதே ஆண்டுகளில் ஒக்கினாவாவின் சோக்கி மொட்டோபு (1870–1944) கட்டாவோடு தெருச் சண்டையிலும் தம் கலையைச் சோதித்துப் பார்த்தவராகப் பெயர் பெற்றிருந்தார்.

இந்த எல்லையை மறப்பதால் வரும் தீங்கு சிறியதல்ல. இந்திய அரசுப் பள்ளிகளில் சமக்ர சிக்ஷா திட்டத்தின் கீழ் மாணவியருக்குச் சில மாதங்கள் தற்காப்புப் பயிற்சி தரப்படுகிறது. தமிழ்நாட்டில் கராத்தேயும் சிலம்பமும் இவ்வாறு கற்பிக்கப்படுகின்றன. ஒரு பயிற்றுநரும் பெரிய வரிசையும் உள்ள இடத்தில், எண்ணிக்கை சொல்லி வடிவத்தைச் செய்ய வைப்பதே எளிது. அந்த மாணவியின் மணிக்கட்டை ஒருமுறைகூட யாரும் இறுக்கிப் பிடிக்கவில்லை என்றால், ஹெயான் ஷோடானின் நான்காவது அசைவு அவருக்கு ஆபத்தில் உதவும் என்று சொல்ல முடியாது. உதவும் என்ற நம்பிக்கை மட்டும் அவரிடம் மிஞ்சும்.

அனுபவிக்காத ஒன்றை மனத்தில் தெளிவாகக் காண்பது கடினம் என்பதே இதற்கு அடிப்படை. எனவே வரிசை முக்கியம். முதலில் வடிவத்தின் எலும்புக்கூட்டைக் கற்பது. உடனே இணையாளரோடு மெதுவாக அந்தப் பிடியையும் அடியையும் தொட்டு உணர்வது. பிறகு தனியே வந்து, அந்த உணர்வை நினைவிலிருந்து எழுப்பிக் கட்டாவைச் செய்வது. மீண்டும் இணையாளரிடம் போய்ச் சரிபார்ப்பது. தனியே செய்யும் போதும் ஒரே மாதிரி செய்யாமல், ஒருமுறை எதிராளி உயரமானவர் என்றும், ஒருமுறை அவர் இருமடங்கு வேகத்தில் வருகிறார் என்றும், ஒருமுறை தரை ஈரம் என்றும் கொள்ளலாம். மனத்தில் மட்டும் ஓட்டிப் பார்க்கும்போது அதற்கு ஆகும் நேரம், உடலால் செய்ய ஆகும் நேரத்துக்கு நெருக்கமாக இருக்க வேண்டும். 40 நொடிக் கட்டா மனத்தில் 15 நொடியில் முடிந்தால், நடுவில் பல அசைவுகள் விடுபட்டிருக்கின்றன என்று பொருள். கடிகாரம் வைத்துப் பார்த்தால் இது எளிதில் தெரிந்துவிடும்.

காலில் கட்டுப்போட்டு ஓய்வில் இருப்பவர், இணையாளர் கிடைக்காத ஊரில் இருப்பவர், முதுமையில் மோத இயலாதவர் ஆகியோருக்கு இப்பயிற்சி கலையோடு தொடர்பு அறாமல் காக்கும் வழியாகிறது. 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் பயிற்சிக்கூடங்கள் மூடப்பட்டபோது, கராத்தே மாணவர்கள் மொட்டை மாடியிலும் கூடத்திலும் கட்டா செய்தார்கள். காணொளி வழியாகக் கட்டாப் போட்டிகளும் நடந்தன. குமித்தேயை அப்படி நடத்த வழியிருக்கவில்லை.